ஐம்பதாயிரம் ரூபாயில் என்ன ஆராய்ச்சி? (விவாத இழை)

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்ட் 2

பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் (ஆந்திரச் சித்தூர் அல்ல) ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு நடக்கிறது. வேதியியல் துறை. கல்லூரியில் ஆராய்ச்சி தொடங்க ‘விதை நிதி’ என்று 50,000 ரூபாய் தருகிறார்களாம், விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். படிவமே ஒரு சிறு புத்தகம் போல இருக்கிறது. துறையில் மூத்தவர் ஒருவர், “அது நாக் (கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு போடும் அமைப்பு) குழு வரும்போது காட்டுவதற்கு. அதில் போய் மாட்டிக்கொள்ளாதே, நேராக டெல்லிக்கு எழுது” என்கிறார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. இந்தத் தொகைக்கு ஒரு நல்ல பிப்பெட் செட் கூட வராது. சிறு நிதி வாங்கி உண்மையிலேயே பயன்பட்டது என்று சொல்லக்கூடியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

ஆகஸ்ட் 2, இரவு

இருக்கிறேன். வாங்குங்கள் தம்பி.

மூத்தவர் சொன்னதில் பாதி உண்மை. 2017இல் நாக் அமைப்பு தன் மதிப்பீட்டு முறையை மாற்றியபோது, பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் ஆசிரியர்களுக்கு விதை நிதி தருகின்றனவா என்பதையும் ஓர் அளவுகோலாக வைத்தது. அதற்குப் பிறகுதான் பல நிர்வாகங்களுக்கு ஆராய்ச்சியின் மீது திடீர்ப் பாசம் பிறந்தது. பிறக்கட்டும். எந்த நோக்கத்தில் கொடுத்தாலும் காசோலை செல்லும். ‘காட்டுவதற்காக’ என்று தெரிந்துவிட்டால் நமக்கு ஒரு வசதியும் உண்டு: அறிக்கை தடிமனாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள், உள்ளே என்ன செய்கிறோம் என்று தோண்ட மாட்டார்கள்.

நான் பொள்ளாச்சிக்காரன். வேலை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். கிணற்று நீரில் ஃப்ளூரைடு என்பது என் விஷயம். முதல் பணம் இப்படிப்பட்ட ஒரு விதை நிதிதான்.

ஆகஸ்ட் 3

“நேராக டெல்லிக்கு” என்றால் எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். முன்பு செர்ப் என்ற மத்திய அரசு அமைப்பு இளம் ஆய்வாளர்களுக்கு 3 ஆண்டுகளுக்கு 50 லட்சம் வரை தந்தது. பிறகு அது தொடக்க ஆய்வு நிதியாக மாறி 2 ஆண்டுகளுக்கு 30 லட்சம் ஆனது. 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி செர்ப் போய், அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. பிரதமர் பெயரில் அது 2024இல் அறிவித்த இளம் ஆய்வாளர் நிதி 3 ஆண்டுகளுக்கு 60 லட்சம் வரை. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தருவது வேறு: புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்கு 2 ஆண்டுகளில் 10 லட்சம். 2022இல் அதற்கு இயற்பியலாளர் டி.எஸ். கோத்தாரி பெயரைச் சூட்டி மறுபடியும் அறிவித்தார்கள். தேர்வு செய்வதாக அப்போது சொன்னது 132 பேரை மட்டும். நாடு முழுவதற்கும் சேர்த்து 132.

எழுதாதே என்று சொல்லவில்லை. எழுதுங்கள். ஆனால் ஐ.ஐ.டி.யில் சேர்ந்த கையோடு ஆய்வகம் கிடைத்தவரும் அதே வரிசையில் நிற்கிறார். அவர் கையில் முன்னோட்டத் தரவு இருக்கும். உங்கள் கையில் ஆர்வம் இருக்கும். ஆர்வத்துக்கு மதிப்பெண் போடும் மதிப்பாய்வாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆகஸ்ட் 3, சற்றுப் பின்னர்

ஒரு கணக்கு விட்டுப்போயிற்று. 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வாளர் ஒருவருக்கு மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அதாவது உங்கள் 50,000 ஓர் ஆளை ஒன்றரை மாதம் கூட வைத்துக்கொள்ளத் தாங்காது. ஆகவே சிறு நிதிக்கு எழுதும்போது ஆள் வேண்டிய வேலையை எழுதவே கூடாது. சொந்தக் கையால், சனி ஞாயிறில், கல்லூரியில் ஏற்கெனவே கிடக்கும் கருவியோடு இன்னும் ஒரே ஒரு பொருள் சேர்ந்தால் நடக்கும் வேலை எது என்று தேடுங்கள். பிப்பெட் செட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அந்தக் கேள்விக்கு இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 4

“அந்த ஒரே ஒரு பொருள் உங்களுக்கு எது?” என்று தம்பி கேட்டிருக்கிறார். ஃப்ளூரைடு மின்முனை, அதாவது நீரில் ஃப்ளூரைடு எவ்வளவு என்று உணர்ந்து காட்டும் கோல்.

எங்கள் ஆய்வகத்தில் மில்லிவோல்ட் காட்டும் பழைய பி.எச். மீட்டர் ஒன்று மூலையில் இருந்தது. அதில் செருகக்கூடிய ஃப்ளூரைடு மின்முனை ஒன்றையும் தாங்கல் கரைசலுக்கு வேண்டிய வேதிப்பொருட்களையும் வாங்கினேன். மின்முனை பேனா அளவுதான் இருக்கும். நுனியில் லாந்தனம் ஃப்ளூரைடு படிகம், சட்டைப் பொத்தானை விடச் சிறியது. நீரும் தாங்கல் கரைசலும் சம அளவு கலந்து, காந்தக் கலக்கியை மெதுவாக ஓடவிட்டு, மின்முனையை இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எண் ஓடும், தயங்கும், மறுபடி ஓடும், பிறகு நிற்கும். தெரிந்த செறிவுள்ள கரைசல்களில் முதலில் சோதிக்க வேண்டும். செறிவு பத்து மடங்கு ஏறினால் 57 முதல் 59 மில்லிவோல்ட் வரை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அன்றைய வேலை குப்பை. தாங்கல் கரைசல் எதற்கென்றால், நீரில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் ஃப்ளூரைடைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதை விடுவித்தால்தான் மின்முனைக்குத் தெரியும். மாதிரி எடுக்கப் பிளாஸ்டிக் பாட்டில். கண்ணாடி வேண்டாம், ஃப்ளூரைடு கண்ணாடியோடு வினைபுரியும்.

குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் ஆழ்துளைக் கிணறுகள் அதைத் தாண்டுவது நிலத்தடி நீர்த் துறைக்காரர்களுக்குப் பழைய செய்தி. ஆனால் ஒரே தோட்டத்தில் திறந்த கிணறும் ஆழ்துளையும் எவ்வளவு வேறுபடுகின்றன, கோடையில் என்ன ஆகிறது என்பதெல்லாம் அட்டவணையில் வராது. அதைப் பார்க்கப் பெரிய பணம் தேவையில்லை. பொறுமையும் ஒரு வண்டியும் போதும்.

ஆகஸ்ட் 6

எதிர்பார்த்தபடியே ஒருவர் ராமானுஜனை இழுத்துவந்துவிட்டார். தமிழர் கூட்டத்தில் ‘உதவித்தொகை’ என்று சொன்னால் போதும், அவர் வந்துவிடுவார்.

வந்ததும் நல்லதுதான். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குத் தந்தது மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. பட்டம் இல்லாதவருக்கு. துறைமுகத்தில் வாங்கிய குமாஸ்தா சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது. கவனியுங்கள்: விலைப்புள்ளி இல்லை, தணிக்கை இல்லை, பயணப்படி இல்லை. அது ஆள் உயிர் வாழ்வதற்கான பணம். வேலைக்குத் தேவை காகிதமும் பலகையும் மட்டும். நம் விதை நிதி அதற்கு நேர் எதிர். ஆளுக்கு ஒரு காசு கிடையாது, பொருளுக்கு மட்டும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரில் பேசுவதால்தான் பாதி வாக்குவாதம் வருகிறது. சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கு 50,000 போதலாம். முனைவர் பட்டம் முடித்துவிட்டு வேலை இல்லாமல் மணி நேரக் கணக்கில் வகுப்பெடுப்பவருக்கு அதே 50,000 ஒரு கேலி. அவரை விண்ணப்பிக்கவே விடுவதில்லை என்பது அதைவிடப் பெரிய கேலி.

ஆகஸ்ட் 7

ஆட்டோ கதை.

கிணறு மாநில எல்லை பார்த்து ஊறுவதில்லை. என் மாதிரிகளில் பாதி கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம். மீதி வேலந்தாவளம், கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டில். பாறையும் கரிசலும் ஒன்றுதான். பேச்சும் ஒன்றுதான். பஸ் எல்லா இடத்துக்கும் போகாது, டூவீலரில் பாட்டில் பெட்டி நிற்காது, ஆகவே ஆட்டோ. செலவுக் கணக்கு வைத்தபோது ஓர் அலுவலகத்தில் (எது என்று சொல்லப்போவதில்லை) கேட்டார்கள்: “வேறு மாநிலத்துக்கு ஏன் போனீர்கள்? முன் அனுமதி எங்கே?” கல்லூரி வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் தென்னந்தோப்புக்கு நான் வெளிமாநிலப் பயண அனுமதி வாங்கியிருக்க வேண்டுமாம். ஆட்டோக்காரர் ரசீது தருவாரா? அவர் சிரித்தார். கடைசியில் வெள்ளைத்தாளில் “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி அவர் கையெழுத்திட்டதை, “இது தமிழில் இருக்கிறது” என்று திருப்பி அனுப்பினார்கள். அவரே மறுநாள் மலையாளத்தில் எழுதிக் கொடுத்தார், என்னை விட நன்றாக.

சங்கதி இதுதான். எல்லையோரத்தில் வேலை செய்கிறவர்கள் விண்ணப்பத்திலேயே, ஆய்வுப் பகுதி என்ற தலைப்பின் கீழ், இரு மாநில ஊர்களின் பெயரையும் எழுதிவிட வேண்டும். ஒப்புதல் ஆணையில் அந்த ஊர் இருந்தால் பிறகு யாரும் கேட்க முடியாது. பயணத்துக்குத் தனித் தலைப்பில் தொகை கேளுங்கள். ‘இதர செலவு’ என்று போட்டால் முதலில் வெட்டுவது அதைத்தான்.

ஆகஸ்ட் 8

குப்பத்திலிருந்து ஒரு நண்பர் எழுதுகிறார்: “உங்களுக்குக் கருவி வேண்டும். எங்களுக்கு அதுவும் வேண்டாம்.” மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடம் அது, 1997இல் அமைந்த திராவிடப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. இவர் நடுகல் பார்ப்பவர். கிருஷ்ணகிரிப் பக்கமும் குப்பத்துப் பக்கமும் கல் ஒரே மாதிரி நிற்கிறது, பட்டியல் மட்டும் மாநிலத்துக்கொன்று.

மைப்படி எடுப்பதை அவரோடு போய்ப் பார்த்திருக்கிறேன். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, ஓரளவு காய்ந்ததும் மை ஒற்ற வேண்டும். ஈரம் கூடினால் மை ஊறிப் பரவும், குறைந்தால் காகிதம் எழும்பிவிடும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பையன்தான் தண்ணீர்க் குடம் தூக்குகிறவன். காகிதம், மை, பஸ் டிக்கெட், அந்தப் பையனுக்கு டீ. இந்த வேலைக்கு 50,000 என்பது ஓர் ஆண்டுக்குத் தாராளம். அறிவியல்காரர்கள் அழுவதை வைத்துச் சிறு நிதியை எடை போடக் கூடாது என்கிறார். ஒப்புக்கொள்கிறேன், அறிவியல்காரனாக இருந்தும்.

ஆகஸ்ட் 10

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். விதை நிதியின் கணக்கு வழக்குக்கு இதைவிடச் சுருக்கமான தணிக்கை அறிக்கை கிடையாது. 60 லட்சத்துக்கும் 50,000க்கும் ஏறக்குறைய அதே காகிதங்கள்: பயன்பாட்டுச் சான்றிதழ், செலவு அறிக்கை, இருப்புப் பதிவேடு, பட்டயக் கணக்கர் கையெழுத்து. கணக்கருக்குக் கட்டணம் எந்தத் தலைப்பில் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

கொள்முதல் விதியைப் பற்றியும் கேட்டார். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் 25,000 ரூபாய் வரை விலைப்புள்ளி இல்லாமல் வாங்க இடம் தந்தன. அறிவியல் துறைகளின் நிறுவனங்களுக்கு அந்த வரம்பு பிறகு உயர்ந்தது. 2025 ஜூனில் 2 லட்சம் ஆக்கியிருக்கிறார்கள். நல்ல செய்தி. ஆனால் அந்தச் சலுகை சித்தூர்க் கல்லூரிக்குத் தானாக வந்து சேராது. உங்கள் அலுவலகம் எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொல்வது மார்ச்சில் மாறிவிடும்.

ஆகஸ்ட் 11

மார்ச் என்றதும் நினைவு வருகிறது. தொகையை விடப் பெரிய தொல்லை தேதி.

என் நிதிக்கு ஒப்புதல் மழைக்காலத்தில் வந்தது. பணம் கைக்கு வந்தது மாசிப் பனியில். மார்ச் 31க்குள் செலவழித்துக் கணக்கு முடி என்றார்கள். கிணற்று ஃப்ளூரைடு பார்க்கிறவனுக்கு உயிரான மாதங்கள் ஏப்ரலும் மேயும். நீர் மட்டம் அடிக்குப் போய்ச் செறிவைப் பார்க்க முடிகிற காலம் அது. அப்போது நிதியாண்டு முடிந்து பணம் திரும்பிப் போயிருக்கும். என்ன செய்தேன்? கெட்டுப்போகாத பொருள் அத்தனையும் மார்ச்சுக்குள் வாங்கி அடுக்கிவிட்டேன்: பாட்டில், உப்புகள், மின்முனைக்கு உள்நிரப்பும் கரைசல். கோடையில் ஆட்டோவுக்குக் கொடுத்தது சம்பளத்திலிருந்து. வீட்டில் அதைப் பற்றி நடந்த விவாதத்தை இங்கே எழுதவில்லை.

ஆகவே தம்பி, “எவ்வளவு தருவீர்கள்” என்பதற்கு முன் “எப்போது தருவீர்கள், எதுவரை செலவழிக்கலாம்” என்று கேளுங்கள். 25,000 ஜூனில் வந்தால் அது பிப்ரவரியில் வரும் 50,000ஐ விடப் பெரிய தொகை.

ஆகஸ்ட் 14

“சிறு நிதி கிடைத்தவன் பெரிய நிதி வாங்குகிறானா, அதற்கு ஆதாரம் உண்டா?” நல்ல கேள்வி. இந்திய விதை நிதிக்கு அல்ல, நெதர்லாந்துக்கு ஒன்று உண்டு. 2018இல் வெளிவந்தது. இளம் ஆய்வாளர் நிதிக்கான தேர்வில் வெட்டுக்கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்களையும் சற்றுக் கீழே நின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். தகுதியில் இரு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. அடுத்த எட்டு ஆண்டுகளில் மேலே நின்றவர்கள் திரட்டிய நிதி, கீழே நின்றவர்களதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். காரணங்களில் ஒன்று, கிடைக்காதவர்கள் பிறகு விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டார்கள்.

என்னைத் தொட்டது அந்தக் கடைசி வரிதான். எங்கள் துறையிலேயே பார்க்கிறேன். ஒருமுறை டெல்லி திருப்பி அனுப்பினால் அவர் அடுத்த ஆண்டு தேர்வுப் பணி, என்.எஸ்.எஸ். என்று ஒதுங்கிவிடுகிறார். முதலில் ஒரு சிறிய ‘சரி’ கிடைத்தவர் பெரிய ‘இல்லை’யைத் தாங்கிக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 15

நேற்று எழுதியதை இன்று கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்கிறேன். 2019இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் விண்ணப்பங்களை வைத்து இன்னோர் ஆய்வு. நூலிழையில் தவறவிட்ட இளையவர்களில் ஒரு பகுதியினர் களத்தை விட்டே போய்விட்டார்கள். ஆனால் விடாமல் நின்றவர்கள், நூலிழையில் வென்றவர்களை விட அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளை எழுதினார்கள். போனவர்கள் போக, மிஞ்சியவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்ததால் மட்டும் இப்படி ஆகவில்லை என்றும் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் கிடைக்காமலிருப்பதே நல்லதா? ஒரு மூத்தவர் உடனே அப்படித்தான் எழுதுவார், “நாங்களெல்லாம் எதுவும் இல்லாமல் படித்தோம்” என்று. இல்லை சார். அவை மாதச் சம்பளமும் ஆய்வகமும் உள்ள ஊரின் கணக்குகள். இங்கே விடாமல் நிற்பதற்கே ஆட்டோ வாடகை வேண்டும்.

ஆகஸ்ட் 19

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கலாம்.

எருத்தேம்பதிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாதிரி எடுக்கும்போது வீட்டம்மா கேட்டார்: “தண்ணியை எடுத்துக்கிட்டுப் போறீங்க. என்னன்னு வந்து சொல்வீங்களா?” பேரனுடைய பல்லில் பழுப்புக் கோடுகள், ஃப்ளூரைடு மிஞ்சினால் வருகிறவை. நிதி விண்ணப்பத்தில் கட்டுரை வெளியிடச் செலவு கேட்கலாம், கருத்தரங்குக் கட்டணம் கேட்கலாம். கிணற்றுக்காரருக்கு முடிவைத் தெரிவிக்க ஒரு தலைப்பு கிடையாது. கிணறு வாரியாக அளவை எழுதி, குடிக்க எது, பாசனத்துக்கு மட்டும் எது என்று சீட்டு அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘எழுதுபொருள்’ தலைப்பில் அது அடங்கியது. அலுவலகம் கேட்கவில்லை.

அந்த அம்மா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆற்றுத் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று கேட்டார். அவருக்கு அதுதான் பெரிய விஷயம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும். மூலத்தறைத் தடுப்பணை வழியாகச் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு அது வந்தால் திறந்த கிணறு ஊறும், ஆழ்துளையை நம்ப வேண்டாம். ஒப்பந்தம் கையெழுத்தானது 1970இல். ஒவ்வொரு கோடையிலும் அதைப் பற்றிய சண்டை புதிதாகத் தொடங்கும். கால்வாயில் நீர் வரும் வாரத்துக்கு முன்னும் பின்னும் அதே கிணறுகளை அளக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் வந்தது. பெரிய நிதிக்கு நான் எழுதிய விண்ணப்பத்தின் மையக் கேள்வி அதுவே. ஆக, அந்தப் பெரிய விண்ணப்பத்தை எனக்கு எழுதித் தந்தவர் அந்த அம்மா என்றும் சொல்லலாம்.

ஆகஸ்ட் 20

கிடைத்ததா என்று கேட்காதீர்கள். மதிப்பாய்வில் இருக்கிறது.

ஆகஸ்ட் 27

கேள்வி கேட்ட தம்பி தன் வரைவை அனுப்பியிருக்கிறார். விண்ணப்பிக்க முடிவு செய்துவிட்டார், நல்லது. கள் இறக்கும் தென்னைக்கு அடிக்கும் பூச்சிமருந்து கள்ளில் எவ்வளவு தங்குகிறது என்பது விஷயம். சித்தூர்க்காரனுக்குத்தான் இது தோன்றும். ஆனால் வரைவு ஐந்து மருந்துகள், மூன்று தாலுகாக்கள், இரண்டு பருவங்கள் என்று விரிந்துகிடக்கிறது. 50,000க்கு இது மூன்று முனைவர் பட்டம்.

ஒரு மருந்து. ஒரு தோப்பு. மருந்து அடித்த நாளிலிருந்து நாள்தோறும் கள். மாதிரியைக் குளிரில் வைக்காவிட்டால் நொதித்து எல்லாம் மாறிவிடும். ஆகவே ஐஸ் பெட்டிக்குப் பணம் போடுங்கள், கணினிக்குப் போட்டிருப்பதை எடுத்துவிடுங்கள். பகுப்பாய்வுக்குக் கருவி வேண்டும் என்று எழுதாதீர்கள். கஞ்சிக்கோட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறது, கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டணத்துக்கு அளந்து தருவார்களா, மாதிரிக்கு எவ்வளவு என்று முதலில் இரு இடத்திலும் கேட்டு, வரும் பதில் கடிதத்தை இணையுங்கள். கோயம்புத்தூர் என்றால் எல்லை தாண்டுகிறது. ஆகஸ்ட் 7 குறிப்பை மறுபடி பாருங்கள்.

மரமேறும் தொழிலாளிக்கு நாள்தோறும் தனி மாதிரி எடுத்துத் தரக் கூலி கொடுக்க வேண்டும். அதைக் ‘களப்பணி உதவி’ என்று தனியாகக் காட்டுங்கள். முத்திரைத்தாள், அத்தாட்சி என்று அவரை அலையவைக்காதீர்கள்; 5,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் ரசீதில் வருவாய் வில்லை. 

ஆகஸ்ட் 28

பின்குறிப்பு: தலைப்பில் ‘புரட்சிகரமான’ என்ற சொல் இருக்கிறது. எடுத்துவிடுங்கள். படிவத்தைக் கொடுக்கக் கடைசி நாள் நெருங்குகிறது என்கிறீர்கள். கல்லூரி முதல்வர் அன்று திருவனந்தபுரம் போகிறாராம், இரண்டு நாள் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.